சர்க்கரை கற்பிப்பதில்லை

ஈரல் செல்லுக்குள் இருக்கும் மரபணுக்களும் நரம்புச் செல்லுக்குள் இருக்கும் மரபணுக்களும் ஒன்றே. ஆனால் இரண்டின் வேலையும் வேறு, உருவாக்கும் புரதங்களும் பெருமளவு வேறு. எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது எது? இந்தக் கேள்விக்குப் பிளஸ் டூ உயிரியல் பாடம் லாக் ஓபரான் என்ற படத்தைக் காட்டி விடை சொல்கிறது. வரிசையாகச் சில கட்டங்கள், அவற்றை மறித்து உட்கார்ந்திருக்கும் ஒடுக்கிப் புரதம், லாக்டோஸ் வந்ததும் அது விலகிப்போவதைக் காட்டும் அம்புக்குறி. மாணவர்கள் அதை வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் படம் எந்தக் கருத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்துக்கு வந்தது என்பது பாடத்தில் இல்லை. 1961இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்திலிருந்து அந்த விளக்கம் வெளியாகும் வரை, சூழல்தான் செல்லுக்குக் கற்பிக்கிறது என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அந்த நம்பிக்கை உடைந்ததே அந்தக் கண்டுபிடிப்பின் உயிர்நிலை என்பது என் வாதம். அதை உடைத்தது வேதியியல் பகுப்பாய்வு என்பதைவிட, பாக்டீரியாக்களை இணைசேரவிட்டுப் பிறக்கும் வகைகளை எண்ணிப் பார்த்த பொறுமையான மரபியல் வேலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பழைய கருத்தை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. நுண்ணுயிர்கள் தாம் வளரும் உணவுக்கேற்ற நொதிகளைச் சுரக்கின்றன என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெரிந்திருந்தது. கேலக்டோஸ் என்ற சர்க்கரையில் சிறிது காலம் வளர்த்த ஈஸ்டுதான் அதை நொதிக்கவைக்கும் திறனைப் பெறுகிறது என்று 1900இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஃபிரெடரிக் டீனெர் காட்டினார். 1930களில் பின்லாந்தின் ஹென்னிங் கார்ஸ்ட்ரோம், எப்போதும் இருக்கும் நொதிகள் ஒருவகை, உணவைக் கண்டபின் தோன்றுபவை இன்னொரு வகை என்று இரண்டாகப் பிரித்தார். நொதியின் வடிவம் அது வெட்டும் பொருளின் வடிவத்தோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. அந்தப் பொருள் வந்தபிறகுதான் நொதியும் வருகிறது. அப்படியானால் அந்தப் பொருளே நொதியை வனைந்தெடுக்கிறது என்று எண்ணுவதுதான் இயல்பு. 1940இல் லைனஸ் பாலிங் எதிர்ப்புரதங்களுக்கு இதே விளக்கத்தை முன்வைத்தார்: உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளைச் சுற்றியே எதிர்ப்புரதம் மடிந்து வடிவம் கொள்கிறது என்றார். ஆக்ஸ்ஃபோர்டில் சிரில் ஹின்ஷெல்வுட், பாக்டீரியாக்கள் மருந்துகளுக்குப் பழகிக்கொள்வதை மரபணு மாற்றமின்றி வெறும் வேதிச் சமன்பாடுகளாலேயே விளக்கிவிட முடியும் என்று வாதிட்டார். இருவருமே அந்தக் காலத்தின் முதல்தர வேதியியலாளர்கள். பிரான்ஸிலோ லமார்க்கின் நிழல் நீண்டு கிடந்தது. வாழும் முறையே உயிரை வடிக்கிறது என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களில் மரியாதையோடு வாழ்ந்தது, மரபியலுக்கு அங்கே இடம் குறைவாகவே இருந்தது.

அந்தச் சூழலில்தான் சோர்போனில் ஜாக் மொனோ பாக்டீரியா வளர்ச்சியை அளந்துகொண்டிருந்தார். 1910இல் பிறந்தவர், இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர், முனைவர் பட்டத்துக்கு மெதுவாகவே வந்து சேர்ந்தவர். ஈ. கோலை பாக்டீரியாவுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். சில இணைகளில் வளர்ச்சிக் கோடு ஒரே வீச்சில் ஏறியது. குளுக்கோஸோடு லாக்டோஸ் போன்ற சில சர்க்கரைகளைச் சேர்த்தபோதோ கோடு ஏறியது, சற்று நேரம் படுத்தது, மறுபடி ஏறியது. முதலில் குளுக்கோஸ் தீர்ந்தது. பிறகு ஓர் இடைவெளி. அதன்பின் இரண்டாவது சர்க்கரை. இதை அவர் பாஸ்டர் நிலையத்தின் ஆந்த்ரே லுவோஃபிடம் காட்டினார். இது நொதிகளின் தகவமைப்போடு தொடர்புடையதாக இருக்கலாம் என்றார் லுவோஃப். அதுவரை மொனோ அந்தத் துறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை. 1941இல் ஆய்வேடு முடிந்தது. நாடு ஜெர்மானியர் கையில் இருந்தது. மொனோ தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து அதன் ராணுவப் பிரிவில் உயர்ந்த பொறுப்புவரை சென்றார். போர் முடிந்ததும் லுவோஃபின் பிரிவில், பாஸ்டர் நிலையத்தின் மேல்மாடியில், அதே வளர்ச்சிக் கோட்டின் இடைவெளிக்குத் திரும்பினார்.

அந்த இடைவெளியில் செல் என்ன செய்கிறது? லாக்டோஸை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியைத் தயாரிக்கிறது. ஏற்கெனவே செல்லுக்குள் கிடந்த ஏதோ ஒரு புரதத்தை லாக்டோஸ் வளைத்து நொதியாக்குகிறதா, அல்லது நொதி அடியிலிருந்து புதிதாகக் கட்டப்படுகிறதா என்பதே முதல் கேள்வி. அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த மெல்வின் கோனோடு மொனோ இதைத் தொடர்ந்தார். கதிரியக்கக் கந்தகம் அடையாளமாக ஏற்றப்பட்ட பாக்டீரியாவை, அடையாளமில்லாத ஊடகத்துக்கு மாற்றி, பிறகு நொதியைத் தூண்டினார்கள். பழைய புரதம் உருமாறியிருந்தால் நொதியில் கதிரியக்கம் தெரிய வேண்டும், தெரியவில்லை. 1955இல் டேவிட் ஹாக்னஸுடன் சேர்ந்து வெளியிட்ட இந்த முடிவின்படி, நொதியின் ஒவ்வோர் அமினோ அமிலமும் தூண்டியபிறகு புதிதாகக் கோக்கப்பட்டது. பழைய கருத்துக்கு இது முதல் அடி. ஆயினும் அது இதோடு சாய்ந்துவிடவில்லை, ஏனென்றால் புதிதாகக் கட்டப்படும் நொதிக்கும் லாக்டோஸ் அச்சாக இருக்கலாமே.

இரண்டாவது அடிதான் ஆழமானது, அதற்குரிய கவனம் இன்றுவரை அதற்குக் கிடைக்கவில்லை என்றே எண்ணுகிறேன். லாக்டோஸைப் போன்ற அமைப்புள்ள பல சேர்மங்களைத் தயாரித்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அவற்றில் சில, நொதியால் உடைக்கவே முடியாதவை. கந்தக அணு இடம்பெற்ற கேலக்டோசைடுகள் அப்படிப்பட்டவை. செல்லுக்கு அவை உணவே இல்லை. ஆனாலும் அவை நொதி உற்பத்தியைப் பெருமளவில் தூண்டிவிட்டன. இன்று உலகின் ஆய்வகங்களெல்லாம் ஐபிடிஜி என்று அழைக்கும் சேர்மம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மறுபக்கம், நொதி எளிதாக உடைத்துவிடும் சில சேர்மங்கள் தூண்டவே இல்லை. நொதிக்குப் பொருந்துவது வேறு, நொதியை வரவழைப்பது வேறு என்று இதிலிருந்து விளங்கியது. தூண்டும் பொருள் நொதியின் அச்சாக இருந்தால், நொதியோடு அதற்கு இத்தனை விலகல் இருக்க இயலாது. செல்லுக்குள் தூண்டியை அடையாளம் காணும் உறுப்பு ஒன்று தனியாக இருக்கிறது, அது நொதி இல்லை என்ற முடிவை இந்தச் சோதனைகள் கோரின. மொனோ அந்த இடத்தை எட்டிவிட்டார். அந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாததற்குக் காரணம் ஓர் எதிர்பார்ப்பு. தூண்டி எதுவுமே இல்லாமல் நொதியை ஓயாமல் உற்பத்தி செய்யும் பிறழ்வு வகைகள் கிடைத்திருந்தன. அவற்றில் கெட்டுப்போயிருந்தது நொதியின் மரபணு இல்லை, அதன் அருகே இருந்த வேறொன்று; அதை ஐ மரபணு என்று குறித்தார்கள். இந்த வகைகள் தமக்குள்ளேயே ஒரு தூண்டியைத் தயாரித்துக்கொள்கின்றன, அதனால்தான் வெளியிலிருந்து எதுவும் தேவைப்படவில்லை என்று மொனோ நினைத்தார். நொதி பிறக்க வேண்டுமென்றால் ஏதோ ஒன்று அதைப் பிறப்பிக்க வேண்டும் என்பது அந்த எண்ணத்தின் அடித்தளம். கற்பிக்கும் சூழல் என்ற கருத்தைப் பாதி தூரம் கைவிட்டவரிடமும் அதன் எச்சம் தங்கியிருந்தது. சூழலே மரபை மாற்றுகிறது என்று சொல்லி சோவியத் அரசின் ஆதரவைப் பெற்ற லைசென்கோவின் போலி மரபியலை 1948இல் கண்டித்துப் பாரிஸ் நாளிதழில் எழுதியவர் மொனோ. அதனால் சூழல் கற்பிக்கிறது என்ற கோட்பாட்டை அவர் எதிர்த்தது அறிவியலைவிட அரசியலே என்று ஒருவர் சொல்லக்கூடும். அந்த அரசியல் வெறுப்பு உண்மைதான். ஆனால் 1957 வரை அவர் பற்றிக்கொண்டிருந்த உள்தூண்டிக் கருத்தைப் பார்த்தால், வெறுப்பு அவருக்கு விடையைக் கொண்டுவந்து கொடுத்துவிடவில்லை என்று தெரியும். விடை அவருடைய ஊகத்துக்கு எதிராகவே வந்தது.

அது வந்த வழியைப் புரிந்துகொள்ள, அதே மேல்மாடியில் நடந்த, இதோடு தொடர்பே இல்லாததாகத் தோன்றிய வேறொரு வேலையைப் பார்க்க வேண்டும். அங்கே நடைக்கூடத்தின் ஒரு முனையில் மொனோ, மறு முனையில் லுவோஃப். லுவோஃப் ஆராய்ந்தது, பாக்டீரியாவுக்குள் நுழைந்து அதைக் கொல்லாமல் தலைமுறை தலைமுறையாக உறங்கிக் கிடக்கும் வைரஸ்களை. இந்த நிகழ்வை 1930களில் அங்கேயே ஆராய்ந்தவர்கள் யூஜின் வோல்மன், எலிசபெத் வோல்மன் என்ற யூதத் தம்பதியர். 1943 டிசம்பரில் அவர்கள் கைதாகி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள், திரும்பவில்லை. அந்த வேலையை லுவோஃப் மீண்டும் கையிலெடுத்து, 1950இல் புற ஊதாக் கதிர் பட்டதும் உறங்கும் வைரஸ் விழித்துப் பெருகிச் செல்லை வெடிக்கச் செய்வதைக் காட்டினார். அதே ஆண்டில் அவரிடம் வந்து சேர்ந்தார் பிரான்சுவா ஜாக்கோப். மருத்துவ மாணவராக இருந்தபோதே 1940இல் லண்டனுக்குச் சென்று சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1944இல் நார்மண்டியில் படுகாயமுற்று, அறுவைச் சிகிச்சை நிபுணராகும் வாய்ப்பை இழந்தவர் அவர். கொலைக்களத்தில் மாண்ட அந்தத் தம்பதியரின் மகன் எலி வோல்மன்தான் ஜாக்கோபின் கூட்டாளியானார்.

பாக்டீரியாக்கள் இணைசேர்ந்து மரபணுக்களைக் கடத்துகின்றன என்று 1946இலேயே ஜோஷுவா லெடர்பெர்கும் எட்வர்டு டேட்டமும் காட்டியிருந்தார்கள். ஜாக்கோபும் வோல்மனும் அதை ஓர் அளவுகோலாக மாற்றினார்கள். மரபணுக்களைக் கொடுக்கும் ஆண் வகையையும் அவற்றைப் பெறும் பெண் வகையையும் கலந்துவிட்டு, குறித்த நிமிடங்கள் கழித்துச் சமையலறை மிக்சியில் சுழற்றி இணைகளைப் பிரித்தார்கள். பத்து நிமிடத்தில் பிரித்தால் இத்தனை மரபணுக்கள் கடந்திருக்கும், இருபது நிமிடத்தில் இன்னும் சில. நிமிடக் கணக்கே குரோமோசோமின் வரைபடம் ஆயிற்று. இதே முறையில் இன்னொன்றும் கண்டார்கள். உறங்கும் வைரஸைச் சுமக்கும் ஆண், வைரஸ் இல்லாத பெண்ணோடு சேர்ந்தால், கடந்து சென்ற வைரஸ் உடனே விழித்துப் பெண் செல்லைக் கொன்றது. பெண்ணிடமும் அதே வைரஸ் உறங்கிக்கொண்டிருந்தால் எதுவும் நடக்கவில்லை. வைரஸை உறங்கவைப்பது பெண் செல்லின் திரவத்தில் பரவியிருக்கும் ஏதோ ஒன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் அப்போது இதை லாக்டோஸோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

1957இல் பெர்க்லியிலிருந்து ஓராண்டு விடுப்பில் வந்த ஆர்தர் பார்டி, இந்த இணைசேர்க்கை முறையை மொனோவின் நொதிக்குப் பொருத்தினார். பார்டி, ஜாக்கோப், மொனோ மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பஜாமோ என்று அழைக்கப்படும் அந்தச் சோதனையின் அமைப்பு எளிது. ஆண் செல்லில் நொதி மரபணுவும் நன்று, ஐ மரபணுவும் நன்று; ஆனால் தூண்டி இல்லாததால் அது நொதி தயாரிக்கவில்லை. பெண் செல்லில் இரண்டும் பழுது. நொதி மரபணுவே கெட்டிருப்பதால் அதுவும் தயாரிக்கவில்லை. இரண்டையும் தூண்டி எதுவும் இல்லாத ஊடகத்தில் சேர்த்தார்கள். ஆண் செல்களை ஸ்ட்ரெப்டோமைசினால் கொன்று கணக்கிலிருந்து நீக்கினார்கள். நொதி மரபணு பெண்ணுக்குள் நுழைந்த சில நிமிடங்களிலேயே முழு வேகத்தில் நொதி உற்பத்தி தொடங்கியது. மொனோவின் ஊகப்படி பெண்ணிடம் உள்தூண்டி இருக்கிறது, ஆகவே உற்பத்தி நீடிக்க வேண்டும். நீடிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் உற்பத்தி தளர்ந்தது, பிறகு நின்றுபோனது. வெளியிலிருந்து தூண்டியைச் சேர்த்தால் மட்டுமே மறுபடி தொடங்கியது. நல்ல ஐ மரபணு, பெண் செல்லுக்குள் வந்தபின், மெதுவாக எதையோ தயாரித்துச் சேர்த்திருக்கிறது. அது போதிய அளவு திரண்டதும் நொதி உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஐ மரபணுவின் வேலை தடுப்பது. தூண்டியின் வேலை அந்தத் தடையை விலக்குவது. ஏரியில் நீர் முன்பே நிறைந்திருக்க, மதகின் பலகையை மட்டும் தூக்கிவிடுவதைப் போன்ற காரியம்தான் லாக்டோஸ் செய்தது. நீரைப் பற்றி அதற்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

இந்த இரட்டை எதிர்மறை மூவருக்கும் தனியே தோன்றியதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்போது பாரிஸ் வந்திருந்த இயற்பியலர் லியோ சிலார்டு, தூண்டல் என்பது தடையை நீக்குவதாக இருக்கலாம் என்று வற்புறுத்தினார். 1965 நோபெல் உரையில் மொனோ இந்தக் கடனை ஒப்புக்கொண்டார். டிரிப்டோஃபேன் அதைத் தயாரிக்கும் நொதியின் உற்பத்தியையே நிறுத்துகிறது என்று 1953இலேயே மொனோவும் ஜெர்மேன் கோஹன்-பசீரும் கண்டிருந்தார்கள். சான்று கையில் இருந்தும் அதன் பொருள் விளங்க ஐந்தாண்டுகள் ஆயின. 1958 ஜூலையில் மனைவியோடு திரையரங்கில் இருந்தபோது, உறங்கும் வைரஸும் லாக்டோஸ் அமைப்பும் ஒன்றே என்று ஜாக்கோபுக்குத் தோன்றியது. அறிவியல் வரலாற்று நூல்கள் இந்தக் காட்சியை விரும்பிச் சொல்கின்றன. அந்தக் கணம் உண்மை. ஆனால் வைரஸ் கடந்து விழித்த சோதனையும் நொதி தொடங்கி நின்ற சோதனையும் ஏற்கெனவே கையில் இல்லாவிட்டால் அங்கே ஒன்றோடொன்று மோத எதுவும் இருந்திருக்காது. அந்தக் கணத்தைவிட, அதிலிருந்து அவர் வரவழைத்த அடுத்த சோதனைதான் என் மதிப்பில் பெரிது.

தடுக்கும் பொருள் ஒன்று உண்டென்றால், அது போய்ப் பற்றும் இடமும் மரபணுக்களின் அருகே இருக்க வேண்டும். அந்த இடம் சேதப்பட்டால் நொதி ஓயாமல் உற்பத்தியாகும். ஆனால் ஐ மரபணு கெட்டாலும் அதே விளைவுதான். பின்னது அடிக்கடி நேர்வது, அந்தக் கூட்டத்தில் முன்னதை எப்படித் தேடுவது? லாக்டோஸ் பகுதியின் இரண்டு பிரதிகளைக் கொண்ட பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரதியில் ஐ மரபணு கெட்டாலும் மற்றதிலிருந்து வரும் ஒடுக்கி இரண்டையும் அடக்கிவிடும், எனவே அந்தப் பிறழ்வு வெளியே தெரியாது. பற்றும் இடம் கெட்டால் மட்டும், அந்தப் பிரதி எத்தனை ஒடுக்கி இருந்தாலும் அடங்காது. அப்படித் தேடியபோது, கணித்தபடியே அந்த வகைகள் கிடைத்தன. கெட்ட இடத்தின் விளைவு அதே டிஎன்ஏ துண்டில் இருந்த மரபணுக்களோடு நின்றது, பக்கத்துப் பிரதியைத் தொடவில்லை. ஆபரேட்டர் என்று பெயரிட்ட அந்த இடத்தையும் அதன் ஆட்சிக்கு உட்பட்ட மரபணுக்களையும் சேர்த்து ஓபரான் என்று 1960இல் அறிவித்தார்கள். அந்த வேளையில் எந்தக் குடுவையிலும் ஒடுக்கி இல்லை, ஆபரேட்டரின் ஓர் எழுத்தும் யாருக்கும் தெரியாது. பெட்ரி தட்டுகளில் காலனிகளை எண்ணியே இந்த அமைப்பு முழுதும் வரையப்பட்டது. நொதி உற்பத்தி சட்டென்று தொடங்கி நிற்பதிலிருந்து, மரபணுவுக்கும் புரதத்துக்கும் நடுவே சீக்கிரம் அழியும் ஒரு தூது மூலக்கூறு வேண்டும் என்பதும் பெறப்பட்டது. 1960 புனித வெள்ளியன்று கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் முதலியோரோடு ஜாக்கோப் பேசியபோது அது தூது ஆர்என்ஏ என்று தெளிந்தது. அந்தக் கோடையில் கால்டெக்கில் பிரென்னரும் ஜாக்கோபும் மேத்யூ மெசல்சனும் அதைச் சோதனையில் கண்டார்கள்.

இங்கே வேதியியலாளர் எழுப்பக்கூடிய ஆட்சேபம் கனமானது. கண்ணால் காணாத ஒன்றை ஊகித்துவிட்டு அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லலாமா? அதுவும், 1961இன் பெருங்கட்டுரையில் ஒடுக்கி ஆர்என்ஏ-வாக இருக்கக்கூடும் என்றே மொனோவும் ஜாக்கோபும் சாய்ந்தார்கள், அது பிழை. 1966இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் ஒடுக்கியைப் பிரித்தெடுத்து, அது புரதம் என்று காட்டினார்கள். ஒரு மரபணுப் பிரதிக்குச் சுமார் பத்து மூலக்கூறுகளே இருந்த அந்தப் பொருளைக் கதிரியக்க ஐபிடிஜி-யைக் கொண்டு பிடித்தது அரிய சாதனை. அடுத்த ஆண்டில் மார்க் டாஷ்னி, பாக்டீரியாவில் உறங்கும் லாம்டா வைரஸின் ஒடுக்கியைப் பிரித்தெடுத்து, அது டிஎன்ஏ-வையே நேராகப் பற்றுகிறது என்று நிறுவினார். இந்த வேலைகள் இல்லையென்றால் ஒடுக்கி இன்னும் ஒரு குறியீடாகவே நின்றிருக்கும். அந்த அளவுக்கு ஆட்சேபம் சரி. ஆனால் எதைத் தேட வேண்டும், அது எதைப் பற்ற வேண்டும், எதன் முன்னிலையில் விலக வேண்டும் என்ற மூன்றையும் தேடியவர்களுக்குச் சொன்னது இணைசேர்க்கைக் கணக்குதான். கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும்கூட, தூண்டியை வழக்கத்தைவிட இறுகப் பற்றும் ஒரு பிறழ்வு வகையைத் தேடிக் கண்ட பின்பே வென்றார்கள். பொருள் என்ன என்பதில் தவறிய கட்டுரை, உறவு என்ன என்பதில் தவறவில்லை. லாக்டோஸே நேரான தூண்டி இல்லை, அதிலிருந்து பிறக்கும் அலோலாக்டோஸ்தான் ஒடுக்கியைப் பற்றுகிறது என்று 1970களில் தெரிந்தபோதும் அந்த உறவு மாறவில்லை.

இரண்டாவது ஆட்சேபத்தில் பாரிஸ்காரர்கள் மீது உண்மையான குறை உண்டு. எல்லாக் கட்டுப்பாடும் தடுப்பதுதான் என்ற பொதுவிதியை அவர்கள் பெரிதும் நம்பினார்கள். அராபினோஸ் என்ற சர்க்கரையை ஆராய்ந்த எல்லிஸ் எங்கிள்ஸ்பெர்க், அங்கே ஒரு புரதம் மரபணுக்களை இயக்கிவிடவும் செய்கிறது என்று 1960களில் சான்றோடு சொன்னார். அவர் நெடுநாள் நம்பப்படவில்லை. இரட்டைத் தடை என்று திருகி விளக்கவே பலர் முயன்றார்கள். வெற்றி பெற்ற கருத்து அடுத்தவர் சான்றுக்குச் செவிசாய்க்காமல் போனதற்கு இது எடுத்துக்காட்டு, இதை மறைத்து எழுதும் வரலாறு குறைபட்டது. பிறகு லாக்டோஸ் அமைப்பிலேயே, சைக்ளிக் ஏஎம்பி-யோடு சேர்ந்து உற்பத்தியைத் தூக்கிவிடும் புரதம் 1970 அளவில் வெளிப்பட்டது. மொனோவின் பயணம் தொடங்கிய அந்த வளர்ச்சி இடைவெளிக்கும், ஒடுக்கியை மட்டும் கொண்டு விடை சொல்ல முடியவில்லை: குளுக்கோஸ் இருக்கும்வரை லாக்டோஸை உள்ளே கொண்டுவரும் புரதமே முடக்கப்படுகிறது என்பதுதான் அதன் முதன்மைக் காரணம் என்று 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் இவை எதுவும் சர்க்கரையை மறுபடி ஆசானாக்கவில்லை. தடுக்கும் புரதமோ தூக்கிவிடும் புரதமோ, எதுவானாலும் நொதியின் வடிவம் மரபணுவில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. சைகை அதை அழைக்கிறது அல்லது அழைக்காமல் விடுகிறது.

மூன்றாவது ஆட்சேபம் அளவைப் பற்றியது. ஈ. கோலைக்குப் பொருந்துவது யானைக்கும் பொருந்தும் என்ற தொனியில் மொனோ பேசிவந்தார். பொருந்தாத இடங்கள் நிறையவே வந்தன. உட்கரு உள்ள செல்களில் டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக் கிடக்கிறது. அந்தச் சுற்றை இளக்குவதும் இறுக்குவதுமே ஒரு பெரிய கட்டுப்பாட்டு அடுக்கு. 1980களின் தொடக்கத்தில், மரபணுவிலிருந்து வெகுதொலைவில் இருந்தபடியே அதன் இயக்கத்தை உயர்த்தும் டிஎன்ஏ துண்டுகள் தெரியவந்தன. ஓபரான்கள் அந்த உலகில் அரிது. இருந்தும், ஒரு மரபணு மற்றொன்றை ஆளலாம் என்ற எண்ணம் பாக்டீரியாவில் மட்டும் பிறக்கவில்லை என்பதை நினைக்க வேண்டும். சோளமணியின் நிறப்புள்ளிகளிலிருந்து பார்பரா மெக்கிளின்டாக் 1951இலேயே மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் கூறுகளைப் பற்றிப் பேசினார், பரவலாக ஏற்கப்படவில்லை. 1961இல் பாரிஸ் முடிவுகளைக் கண்டதும் தம்முடையவற்றோடு ஒப்பிட்டு உடனே ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கி ஆர்என்ஏ-வாக இருக்கலாம் என்ற தவறான ஊகத்துக்கும் வேறொரு வகையில் ஓர் உயிர் கிடைத்தது. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும், ஒரு சிறு புழுவில் குறுகிய ஆர்என்ஏ ஒன்று இன்னொரு மரபணுவின் தூது ஆர்என்ஏ-வைப் பற்றி அதன் புரதத்தைக் குறைப்பதைக் கண்டார்கள்; 2024 நோபெல் பரிசு அதற்கு.

யானையில் இத்தனை அடுக்குகள் இருந்தும் பாரிஸ் வேலை எதைப் பொதுவாக விட்டுச்சென்றது என்றால், உணவாகாத சேர்மங்கள் நொதியைத் தூண்டிய அந்த 1950களின் சோதனையில் புதைந்திருந்த செய்தியை. சைகைக்கும் அதனால் விளையும் செயலுக்கும் இடையே வேதியியல் ஒப்புமை எதுவும் தேவையில்லை. ஒடுக்கிப் புரதம் ஒரு முகத்தால் சைகையைப் பற்றுகிறது, வேறொரு முகத்தால் டிஎன்ஏ-வைப் பற்றுகிறது. முதலாவது பற்றல் புரதத்தின் வடிவத்தை அசைத்து இரண்டாவதைத் தளர்த்துகிறது. 1963இலிருந்து ஜான்-பியர் ஷான்ஜேயும் மற்றவர்களும் மொனோவோடு வளர்த்தெடுத்த இந்தக் கருத்தின்படி, எந்தச் சிறு மூலக்கூறும் எந்த மரபணுவுக்கும் சைகையாக அமையலாம். ஹார்மோன்கள் மரபணுக்களை ஆளும் விதமும் இந்த இயல்பின் மேல்தான் நிற்கிறது.

இந்த இயல்பு உண்மையா என்பதற்கு நூலக விவாதத்தைவிட ஆய்வகப் பழக்கம் கூடுதல் சான்று தருகிறது. 1977இல் கலிஃபோர்னியாவில், சோமடோஸ்டாடின் என்ற மனித ஹார்மோனின் மரபணுவை ஈ. கோலையின் பீட்டா-கேலக்டோசிடேஸ் மரபணுவோடு ஒட்டி, லாக் கட்டுப்பாட்டில் வைத்துப் பாக்டீரியாவையே அதைத் தயாரிக்கச் செய்தார்கள்; அடுத்த ஆண்டில் இன்சுலின். பாக்டீரியாவுக்கோ லாக்டோஸுக்கோ மனித ஹார்மோனோடு எந்த உறவும் இல்லை, ஆனாலும் சைகை கிடைத்ததும் அது உற்பத்தியானது. 1986இல் வில்லியம் ஸ்டுடியரும் பார்பரா மொஃபட்டும் அமைத்த புரத உற்பத்தி முறையைச் சார்ந்த பிஎல்21 டிஇ3 என்ற ஈ. கோலை வகை, இன்று சென்னையிலும் மதுரையிலும் கொழும்பிலும் உயிரியல் ஆய்வகங்களின் உறைபெட்டிகளில் இருக்கிறது. அதன் குரோமோசோமில் லாம்டா வைரஸின் ஒரு திருத்திய வடிவம் உறங்குகிறது. அந்த வைரஸுக்குள் டி7 ஆர்என்ஏ பாலிமரேஸின் மரபணு லாக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது, அதன் அருகே ஒடுக்கியின் மரபணுவும் இருக்கிறது. லுவோஃப் பக்கத்து வேலையும் மொனோ பக்கத்து வேலையும் ஒரே செல்லுக்குள் சேர்ந்துவிட்டன. ஆய்வு மாணவர் ஒருவர் வளர்ப்பு ஊடகத்தில் சிறிதளவு ஐபிடிஜி-யைச் சேர்க்கிறார். பாக்டீரியா அதை உண்பதில்லை, உடைப்பதும் இல்லை. ஒடுக்கி விலகுகிறது, மலேரியா ஒட்டுண்ணியின் புரதமோ நெல்லின் நொதியோ, எந்த மரபணுவை அந்தப் பாலிமரேஸ் படிக்கும்படி வைத்தாரோ அதற்குரிய புரதம் சில மணி நேரத்தில் திரள்கிறது.